எதிர்க்கடைக்காரன் மாட்டின மெஷின்

...இதுக்குப் பேரு மெஷின் மாட்டறதா? நீங்களே சொல்லுங்க. கிட்டார் தலையில கம்பி முறுக்கற மெஷின் ஆறு. ஆறும் ஆறு பக்கம் பாத்துகிட்டு நிக்குது, சண்ட போட்டுட்டு வந்து குடும்ப போட்டோவுக்கு நின்னவங்க மாதிரி. உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. நா கோவப்படல. சாதாரணமா பேசறதே இப்படித்தான்.

இந்தக் கீய ஆட்டிப் பாருங்க. லொட லொடங்குது. உள்ள பல்லு மொத்தமும் தேஞ்சாச்சு. நீங்க சுதி சேத்து, பாட்ட ஆரம்பிச்சு, ரெண்டாவது வரி வரதுக்குள்ள கம்பி எறங்கிடும். கேக்கறவன் மெஷின் சரியில்லன்னா சொல்வான்? இந்தம்மாவுக்கு வாசிக்க வரலம்பான். சனிக்கிழமை ப்ரோகிராம்னீங்க இல்ல... புதுசா ஆறும் மாட்டிடலாம், அது பெரிய வேல இல்ல. ஆனா இதத் திருப்பிப் பாருங்க. இறுக்கற பக்கம் திருப்பினா தளருது. தளத்தற பக்கம் திருப்பினா இறுகுது. ஏன்? இது இடதுகைக்காரங்க கிட்டாருக்குன்னு வர்ற செட்டு! டப்பா மேலயே போட்டிருப்பான். படிக்கணும் இல்ல? கண்ணு எதுக்கு இருக்கு, மூக்குக்கு மேல அழகுக்கா? நீங்க எப்படிம்மா இத்தன நாள் சமாளிச்சீங்க? ...பழகிடுச்சா. ஆமா, எந்தக் கோணலும் பழகிடும்.

ஒரு நிமிஷம். மணி என்ன, பதினொண்ணா? காலைல போட வேண்டிய மாத்திரைய இன்னும் போடல. பிரஷர்மா. இந்தத் தொழில்ல அடுத்தவன் பண்ணி வச்ச வேலையப் பாத்துப் பாத்தே வந்தது. இதோ பாருங்க, வீட்டுக்காரி அட்டைக்குப் பின்னாடியே நீலப் பேனாவுல எழுதிடுவா. இதுல 'காலை', அதுல 'ராத்திரி'. ஒரு தடவ மாத்திப் போட்டுட்டு, வந்த கஸ்டமர் முன்னாடியே இந்த டேபிள்ல சாஞ்சு தூங்கிட்டேன். அன்னிலேந்து பத்து வருஷமா எழுதறா. அந்த 'லை'க்கு பூனைக்குப் போடற மாதிரி ஒரு வால் வேற. காலி அட்டைய மட்டும் தூக்கிப் போட விடமாட்டேன். தொழிலுக்கு ஆகும்.

எதுல விட்டேன்? ஆங்... யாரு மாட்டினதுன்னு நீங்க கேக்கவே இல்லயே. கேக்காட்டியும் சொல்றேன். எதிர்ல பச்சை போர்டு தெரியுதா? அந்த எதிர்க்கடைக்காரன்தான். என் தம்பி. கூடப் பொறந்தவன். அப்பல்லாம் ரெண்டு பேருக்கும் இதே டேபிள்லதான் வேல, அவன் அந்தப் பக்கம், நா இந்தப் பக்கம். அவனுக்குப் பீச்சாங்கை. ஸ்க்ரூ டிரைவர அவன் பிடிக்கறதப் பாத்தாலே எனக்குக் கழுத்து வலிக்கும். ஒம்போது வருஷம் முன்னாடி, ஹோட்டல்ல வாசிக்கற ஒருத்தரு, செவப்பு கிட்டாரு, மெஷின் மாத்தக் குடுத்தாரு. வாங்கிட்டுப் போன மறுநாள் திரும்பி வராரு, உதடு கிழிஞ்சு, சட்டையெல்லாம் ரத்தம். தளத்தறேன்னு திருப்பியிருக்காரு, அது இறுகி இறுகி, கம்பி அறுந்து மூஞ்சியில அடிச்சிருக்கு. இதே மாதிரி தலைகீழா திரும்பற செட்டு! பீச்சாங்கைக்காரன் இல்லாம வேற யாரு மாட்டுவான்?

கடையில நாலு பேரு இருக்கும்போதே வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். அந்தக் கூச்சல்ல ஹோட்டல்காரரு கிட்டார அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாரு. "அண்ணே, அந்தக் கிட்டார நா தொடவே இல்லண்ணே"ன்னான். அதையே மூணு தடவ சொன்னான். பொய் வேற சொல்றியான்னு அவன் டூல்ஸ் பைய எடுத்து ரோட்டுல வச்சேன். போயிட்டான். எங்க போனான்? எதிர்ல! இருபது அடி. ஊருல வேற எடமே இல்லயா? காலைல ஷட்டரத் தூக்கினா அவன் மூஞ்சி. சாயந்திரம் எறக்கினா அவன் முதுகு. அவன் பொண்ணு ஸ்கூல் விட்டு வரும்போது "பெரியப்பா"ன்னு கை ஆட்டும். நா போன்ல யார்கிட்டயோ பேசற மாதிரி நிப்பேன். போன்ல யாரும் இருக்க மாட்டாங்க. அது குழந்த, அதுக்கு என்ன தெரியும்... அத விடுங்க.

கம்பியெல்லாம் எடுத்தாச்சு. இப்ப மெஷினக் கழட்டுவோம். ஸ்க்ரூ தலையெல்லாம் எப்படி வழுக்கி விட்டிருக்கான் பாருங்க. பொறுமைங்கறது மருந்துக்கும் கிடையாது. நா மாட்டியிருந்தா... ம், வந்திடுச்சு.

அடடே. இங்க பாருங்கம்மா. மேல கறுப்பு, மெஷினுக்கு அடியில? செவப்பு! யாரோ பின்னாடி கறுப்பு அடிச்சிருக்காங்க. இது அதே கிட்டாரும்மா! ஹோட்டல்காரரோடது! கை மாறி மாறி உங்ககிட்ட வந்திருக்கு. நா சொன்னேனா இல்லயா? ஒம்போது வருஷம் கழிச்சு சாட்சி தானா நடந்து கடைக்கு வருது பாருங்க. இப்பவே அவன் கடை வாசல்ல போயி நீட்டறேன், தொடவே இல்லன்னியே, இது என்னடான்னு...

இருங்க. ஓட்டைக்குள்ள ஏதோ அடைச்சிருக்கு. ஓட்டை பெருசாகி மெஷின் ஆடினா, எதையாவது மடிச்சு உள்ள வச்சு இறுக்குவோம். என்ன வச்சிருக்கான்னு பாப்போம். வெள்ளித் தகடு மாதிரி... நாலா மடிச்சிருக்கு... அந்த லைட்ட இப்படித் திருப்புங்க.

...

இல்லம்மா. ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம்.

நீங்களே படிங்க. நீலப் பேனா. 'காலை'. வால் இருக்கா? ...இருக்கு இல்ல?

அவனுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. அவனுக்கு ஏது பிரஷர் மாத்திரை. ஓட்டைக்கு அவன் மரக்குச்சிதான் சீவி வைப்பான், அட்டைய மடிச்சு வைக்கறது என் பழக்கம். நாந்தான். டப்பாவப் படிக்காம வாங்கினதும் நாந்தான், மாட்டினதும் நாந்தான். அப்ப கண்ணாடி போட்டுக்க வெக்கப்பட்டுகிட்டு இருந்தேன். மூணு தடவ சொன்னாம்மா. நா ஒரு தடவயாவது மெஷினக் கழட்டிப் பாத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேல. இப்ப உங்க எதிர்ல பண்ணேனே, அவ்வளவுதான்.

ஏம்மா, நீங்க எப்படி என் கடைக்கு வந்தீங்க? ...மொதல்ல அங்கதான் போனீங்களா? கீயத் திருப்பிப் பாத்தானா? பாத்துட்டு? ...'எங்க அண்ணன்கிட்ட குடுங்க, அவரு நல்லா பண்ணுவாரு'ன்னானா. சிரிச்சுகிட்டே சொன்னானா, நக்கலாவா? ...சாதாரணமாவா. வேற ஒண்ணும் சொல்லலயா? ...ஒண்ணுமே சொல்லலயா.

சரி. இந்த ஓட்டைய அடைச்சுட்டுப் புதுசா போடணும். அதுக்கு ரொம்ப மெல்லிசு டிரில் பிட்டு வேணும். என்கிட்ட இல்ல. அந்த பிட்டு டப்பாவத் தொறந்து பாக்காதீங்க, அதுல இருக்கறது சரிப்படாது. அவன்கிட்ட இருக்கும். அவன் இந்த மாதிரி சின்னச் சாமானெல்லாம் ஒழுங்கா வச்சிருப்பான். பிட்டு வாங்கத்தாம்மா போறேன். போயி என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல, போற வழியில யோசிச்சுக்கறேன். இருபது அடிதான் இருக்கு, ம்...

அந்தத் தகட்டக் குடுங்க. சட்டைப் பையில வச்சுக்கறேன். நீங்க உக்காருங்க, கடையப் பாத்துக்கங்க. யாராவது வந்து கேட்டா எதிர்க்கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க.

இல்ல... தம்பி கடைக்குன்னு சொல்லுங்க.