மெஷின் நின்ற பிறகு

எனக்குச் சாயாவில் சர்க்கரை வேண்டாம் சார். ஜென் தியானம் பழக ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன்.

தாராவியில் என் அறை கீழே. மேல் அறை எட்வினுடையது. சட்டை தைப்பவன், எங்கள் ஊர்ப் பக்கம்தான். செங்குத்தான இரும்பு ஏணியில், மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறி இறங்க வேண்டும்.

ஞாயிறுதோறும் மாட்டுங்காவில் கராத்தே. மற்ற நாட்களில் சுவரைப் பார்த்து உட்காருவேன். மூச்சு அடங்கும். மனம் தெளியப் போகிற நேரம் பார்த்து, தலைக்கு மேல் அவன் மெஷின் ஓடும். பிறகு நிற்கும். மறுபடி எப்போது ஓடும் என்று காத்திருப்பேன். அது இன்னும் மோசம். வருடக்கணக்கில் இதுதான் என் தியானம்.

தன்மையாகத்தான் கேட்டேன். "எட்வின், காலைல கொஞ்ச நேரம் நிறுத்துடே."

"நிறுத்துனா சோத்துக்கு என்ன செய்ய அண்ணாச்சி?" என்று சிரித்தான். "மெஷின் நின்னா ஒம்ம மனசு நின்னுருமா வே?"

"சும்மா கெடங்க," என்று அவன் மனைவி ஜெபசெல்வி அதட்டினாள். நல்ல பெண்.

அன்றே அடித்திருக்கலாம். ஆனால் கோபத்தில் கை ஓங்கக் கூடாது என்பது எங்கள் கராத்தே வகுப்பின் முதல் விதி. அதனால் கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன். மழைக்காலம் முழுக்க.

கோபம் போனது. அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்த ஞாயிறு, வகுப்புக்குப் போகாமல் ஏணியில் ஏறினேன். கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, பாரம் விழுந்தால் உருவிக்கொள்ளும்படி கட்டினேன். பெல்ட் கட்டும் அதே நிதானம். திரும்பி வந்ததும் முதலில் ஜெபசெல்விதான் ஏறினாள். முடிச்சு தாங்கியது. தாங்காமலும் போயிருக்கலாம். மனம் சலனப்படவில்லை.

மறுநாள் எட்வின் சட்டை மூட்டையைத் தோளில் போட்டு, கயிற்றில் சாய்ந்து இறங்கினான். விழுந்த சத்தம் கேட்டது. என் வாசலில்தான். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டான். மூட்டையை உள்ளே வைக்கச் சொல்வதுபோல, மெதுவாக. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் கலைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரலும் நின்றது.

கொலை என்றே எழுதுங்கள். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுத வேண்டாம். இப்போது மனம் தெளிவாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று. உங்கள் ஹவல்தார் காலாட்டிக்கொண்டே இருக்கிறார். பெஞ்சு கிறீச்சிடுகிறது. நிற்கிறது. மறுபடி கிறீச்சிடுகிறது. அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் சார்.