நியாய வாடகை

வாடகைக்கு வீடு விடுவது அத்தனை சுலபமான காரியம் இல்லை, சார். என் மனைவி பெயரில் இருந்த மாடி வீடு ஒன்றரை வருஷம் பூட்டியே கிடந்தது. வங்கிக்காரர்கள் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மகள் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். அப்போது எனக்கிருந்த பயம் வேறு யாருக்கும் வர வேண்டாம். நான் செயலாளராக இருந்த முதியோர் இல்லத்துக்கு இடம் தேவைப்பட்டது, கொடுத்தேன். வாடகையை நானே நிர்ணயித்தேன், கொஞ்சம் தாராளமாக.

மூன்றாம் வருஷம் வரி அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"தர்ம நிறுவனத்துப் பணம் செயலாளர் வீட்டுக்குள்ள போகுதே. சந்தையில இதுல மூணுல ஒரு பங்கு வாடகைகூட வராது. வரிவிலக்கை ரத்து பண்ணிடலாமா?"

நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. வாடகை நியாயம்தான் என்று கட்டட மதிப்பீட்டாளரின் அறிக்கை கொண்டுவர நான்கு நாள் தந்தார்.

மதிப்பீட்டாளரின் காலில் நான் விழாத குறைதான்.

"மாடியிலேர்ந்து அவசரத்துக்கு இறங்க ரெண்டாவது வழி இருந்தா, வயசானவங்களுக்கு ஏத்த கட்டடம், இந்த வாடகை நியாயம்னு எழுதலாம். இருக்கா?"

இருக்கிறது என்றேன். படிக்கட்டு கட்ட நான்கு மாதம் ஆகும். தச்சருக்கு ஒரு பகல் போதும். மாடிக் கூடத்தின் கோடிச் சுவரில் நிலையோடு ஒரு கதவைப் பொருத்தி, மேலே 'அவசர வழி' என்று எழுதிய பச்சைப் பலகை மாட்டினார். மதிப்பீட்டாளர் படம் எடுத்துக்கொண்டார். சாவி கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வரிவிலக்கு பிழைத்தது.

மனைவிதான் விடவில்லை. "பின்னாடி வெறும் சுவருதானேங்க? பெரியவங்க இருக்கிற இடம். கழட்டிடுங்களேன்."

"அடுத்த வருஷமும் வந்து பார்ப்பாங்க. சும்மா இரு."

இல்லத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவருக்குச் சும்மா இருக்க வராது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பழக்க, வாரா வாரம் எல்லாரையும் வரிசையாக அந்தக் கதவு வரை கூட்டிப்போவார். கைத்தடியோடும் வாக்கரோடும் நடப்பார்கள்.

"சாவி யார்கிட்டப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"ஆபத்துன்னா நானே வந்து திறப்பேம்மா."

நம்பினார். நானும் நின்று கைதட்டினேன்.

சமையலறையில் தீப்பிடித்த அன்று, முதல் பத்து நிமிஷம் படிக்கட்டில் அவ்வளவாகப் புகை இல்லை. சமையல்காரர் கீழிருந்து கத்திக் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் பழகின பழக்கம், மாடியிலிருந்த ஒன்பது பேரும் வரிசையாகக் கதவுக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கிருந்துதான் உடல்களை எடுத்தோம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் ஆசிரியை மறுநாளே வரி அலுவலகத்துக்கு எழுதியிருப்பார். இல்லத்தை மூடியிருப்பார்கள். அந்த ஒன்பது பேரையும் தெருவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, சார்.