உப்பு மட்டும் மேலிடத்துக்கு

சிசிலியில், பொலிதேயாமா நிறுத்தத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையிலிருந்து குரல் கேட்டது.

“ரோமுக்குச் சிசிலி எப்பிடியோ, என்ர முதலாளியம்மா சிஞ்ஞோராவுக்கு நான் அப்பிடி.”

அங்கே இருந்த இரண்டு பேரும் வீட்டு வேலை முடிந்து திரும்பும் யாழ்ப்பாணத்துப் பெண்கள். இளையவள் சிரித்தாள்.

“என்னக்கா கதைக்கிறியள்?”

“சிசிலிக்குத் தன்னாட்சி எண்டு சொந்தப் பாராளுமன்றம் இருக்கெல்லே? எனக்கு அந்த வீட்டுக் குசினி இருக்கு. என்ன வாங்கிறது, என்ன சமைக்கிறது, எல்லாம் என்ர முடிவு. சிஞ்ஞோராவே தந்தது.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா முதல்ல எல்லாத்தையும் திறமாய்ச் செய்து வைச்சிட்டன். மனுசிக்குக் குறை சொல்ல ஒண்டுமில்லை. முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நாள் முழுக்கக் குசினிக்கையே நிண்டா. தந்ததைத் திருப்பி வாங்கிப் போடுவாவோ எண்டு பயந்திட்டன்.”

“பிறகு?”

“இப்ப தக்காளிச் சோசுக்கு உப்பைக் கொஞ்சம் குறைச்சு விடுறன். வந்து ருசி பாத்து, தன்ர கையாலை ஒரு சிட்டிகை போட்டிட்டுச் சந்தோசமாய்ப் போயிடுவா. குசினி என்னட்டையே இருக்கும்.”

அக்காவின் போன் அடித்தது. கை நிறையப் பைகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். வீட்டிலிருந்து கணவர்.

“கணவாய்க் கறி அடுப்பிலை கொதிக்குது. எப்ப வாறாய்?”

“வாறன், வாறன். எல்லாம் உங்கட விருப்பப்படி செய்யுங்கோ. உப்பை மட்டும் நான் வந்து பாக்கிறன்.”

“ஓம், தெரியும். உனக்கெண்டு எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் விடுறனான்.”