ஏழு பக்கக் கட்டுரையும் ஒன்பது நாள் உழைப்பும்

எங்கள் கலைக் கல்லூரியின் சாதனைப் பக்கத்தை இருபத்தாறு ஆண்டுகள் தொகுத்தளித்த சலியாத உழைப்பே, சான்றில்லாத சொல்லைச் சபையேற்றாத சால்பே, முதல்வர் அலுவலகத்து மூன்றாம் மேசையில் அமர்ந்து முந்நூறு பேரின் பெருமையை முகம் சுளிக்காமல் சுமந்த அம்மையே, பணி நிறைவு காணும் இந்நாளில் உங்களை வணங்கி மகிழ்கிறோம்.

மேலே உள்ள வாக்கியம் தமிழ்த் துறையினர் எழுதிக் கொடுத்தது. மீதியை எழுதும் பொறுப்பு தத்துவத் துறை ஆசிரியனான என் தலையில் விழுந்தது. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, படிக்கட்டை ஒட்டிய அறிவிப்புப் பலகையில் ஆசிரியர், மாணவர் சாதனைகளை அச்சிட்டு ஒட்டுவீர்கள். யார் ஓடிவந்து "பரிசு வாங்கிட்டேன்மா" என்றாலும், "ரொம்ப சந்தோஷம். கூட யாரு இருந்தாங்க?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. மாணவர்கள் உங்களுக்குக் ‘கூடயாரு அக்கா’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கேள்வியால்தான் நாடகக் குழு கோப்பை வென்ற செய்தியில், மேடைக் கதவு கழன்று விழாமல் ஒரு மணி நேரம் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்ற மாணவியின் பெயரும் அச்சேறியது. வரலாற்று மாணவர்கள் நகரத்தின் பழைய தெரு வரைபடங்களைத் தொகுத்து விருது பெற்றபோது, அவற்றை ஒவ்வொன்றாகச் சுருக்கம் நீக்கித் துடைத்துக் கொடுத்த நூலக உதவியாளரும் பலகையில் இடம்பெற்றார். அவர் அந்தத் தாளைப் படமெடுத்துத் தம் மனைவிக்கு அனுப்பியதை நான் பார்த்தேன்.

அளந்து விட்டால் மட்டும் உங்களிடம் செல்லாது. ‘பன்னாட்டுக் கருத்தரங்கில் தலைமையுரை’ என்று எழுதிக்கொண்டு வந்த பேராசிரியர் ஒருவரை உட்காரவைத்து, "வெளிநாட்டுல இருந்து எத்தனை பேர் சார் வந்தாங்க?" என்று கேட்டீர்கள். "ஒருத்தர். அவரும் பக்கத்து அறைக் கூட்டத்துக்கு வந்தவரு" என்றார் அவர். மறுநாள் ‘கருத்தரங்கில் உரை’ என்று மட்டும் வந்தது. அந்தப் பேராசிரியர் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இனி என் கதை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, மூன்று ஆண்டுச் சாதனைகளைப் படிவத்தில் நிரப்பி அனுப்பும்படி பல்கலைக்கழகம் எல்லாத் துறைகளையும் கேட்டது. எதுவுமே காட்டாத துறை மூடப்படும் என்றும் சொன்னது. நான் கட்டங்களை நிரப்பவில்லை. ‘சாதனை என்றால் என்ன?’ என்று ஏழு பக்கத்துக்கு ஒரு வாதம் எழுதி, வெற்றுப் படிவத்தோடு இணைத்து அனுப்பினேன். கணினி எங்கள் துறைக்குப் பூஜ்யம் போட்டது. என் மேதாவித்தனத்தால் மூன்று ஆசிரியர்களும் பதினொரு மாணவர்களும் நடுத்தெருவுக்கு வர இருந்தோம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இத்தனை அடிக்குறிப்புகளோடு செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஏழு பக்கத்தையும் முழுதாகப் படித்தவர் நீங்கள் மட்டுமே. எங்கள் மாணவர்கள் வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போய், கடினமான சிகிச்சை முடிவெடுக்கத் தவிக்கும் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசித் துணையிருப்பதை, ஐந்தாம் பக்க அடிக்குறிப்பில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள்.

"இது நிஜமாவே நடக்குதா, இல்ல சும்மா உதாரணமா?"

"நடக்குதும்மா."

"அப்ப இதை ஏன் சார் அடியில பொடி எழுத்துல போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டீர்கள்.

அடுத்த ஒன்பது நாள் மருத்துவமனைக்கு நடையாய் நடந்தீர்கள். செவிலியர்களிடம் பேசினீர்கள்; குடும்பத்தாரிடம் கடிதம் கேட்டு வாங்கினீர்கள். பத்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, கோப்போடு நீங்களே பல்கலைக்கழகக் குழுவின் முன் நின்றீர்கள். பக்கத்தில் நானும் நின்றேன். "படிவத்துல இல்லாததை நாங்க எப்படிம்மா எடுத்துக்கறது?" என்றார் தலைவர். "இதுக்கு அதுல கட்டமே இல்லைங்க ஐயா. ஒரே ஒரு கடிதம் மட்டும் படிச்சுப் பாருங்க" என்றீர்கள். படித்தார். இரண்டாவதை அவராகவே எடுத்தார். எங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தது.

இன்று எங்கள் துறையில் எழுபத்திரண்டு மாணவர்கள். அந்தப் பணி மூன்று மருத்துவமனைகளில் நடக்கிறது. அதைப் பற்றி எழுதிய எங்கள் மாணவி சென்ற ஆண்டின் சிறந்த ஆய்வுக்கான பதக்கம் பெற்றார். அன்றைய பதினொருவரில் ஒருவர் வரும் திங்களன்று இங்கேயே ஆசிரியராகச் சேருகிறார். படிவத்தை இப்போது கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே நிரப்பிவிடுகிறேன். இதையெல்லாம் பார்த்துப் பூரிக்க, நோவில்லாத முழங்காலும் நிறைவான உறக்கமும் பேரப்பிள்ளைகளின் கூச்சலுமாய் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று, கீழே கையொப்பமிட்ட அனைவரும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

வாழ்த்தோடு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அன்று குழு அறையை விட்டு வெளியே வந்தபோது நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. தலைவரின் பேச்சில் இருந்த தர்க்கப் பிழையை விளக்கிக்கொண்டே வந்தேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தீர்கள். ஏன் என்பது போன வாரம், உங்கள் பணிப் பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர் சொல்லித்தான் தெரிந்தது. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெற, உங்களுக்கு அதே வியாழன் காலை நேர்காணல் இருந்திருக்கிறது. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று ஒரே சொல். உங்களிடம் ஓடிவந்து கேட்டேன். "அட விடுங்க சார். அந்த அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. யாரு உட்காருவா அங்க?" என்று சிரித்தீர்கள்.

எதையும் நேரில் பார்த்த பிறகே பலகையில் ஏற்றவேண்டும் என்று எங்களைப் பழக்கியவர் நீங்கள். நேற்று நானும் எழுத்தரும் பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு மாடி ஏறிப் போய்ப் பார்த்தோம். அம்மா, அந்த அறைக்கு மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன.

என்றும் நன்றியுடன்,
தத்துவத் துறையினரும், கல்லூரியின் ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள் அனைவரும்