பன்னிரண்டு நிமிடத்துக்குள்

டீயில் எனக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். நீங்கள் தந்ததில் இஞ்சியே இல்லை. பரவாயில்லை இன்ஸ்பெக்டர் ஐயா, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மூன்று வாரமாக எங்கே போன் அடித்தாலும் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

நைரோபியில் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருள் என் நிறுவனத்தினுடையது. அழைப்பு வந்த பன்னிரண்டு நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது ஒப்பந்தம். அகலமான தெருக்களில் போய்விடும். ஆற்றோரத் தகர வீடுகளின் குறுகிய சந்துகளுக்குள் போக அரைமணி ஆகும். அந்த அழைப்புகள் எங்கள் சராசரியைக் கெடுத்தன. ஒப்பந்தம் போனால் ஊருக்கே ஆம்புலன்ஸ் இருக்காது. அதனால் அந்தச் சந்துகளை அகலம் அளந்து பிரித்து, அங்கிருந்து அழைப்பவர்களுக்கு மட்டும் லைன் பிஸி என்று வரும்படி செய்ய நினைத்தேன். யாரையும் மறுக்கவில்லை. காத்திருக்க வைத்தேன், அவ்வளவுதான்.

அப்போது என்னிடம் ஆறு ஊழியர்கள். மதியம் தெருமுனைக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கிதேரி சாப்பிடுவார்கள். சோளமும் பீன்ஸும் உள்ளே போகும், ஆபீஸ் விஷயம் வெளியே வரும். செபெட் என்ற பெண் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"சந்தோட அகலத்தை எதுக்கு மேடம் அளக்குறோம்? எங்க அத்தை அங்கதான் இருக்காங்க, சொல்லிட்டேன்."

ஆறு பேரையும் வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன். தனியாக வேலை எடுத்துச் செய்யும் நிபுணர்கள் மூவரைப் பிடித்தேன். ஒருவர் லாகோஸ், ஒருவர் கிகாலி, ஒடேரா மட்டும் இதே ஊர். ஆளுக்கொரு துண்டு வேலை. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சந்துகளைக் கண்டுபிடிக்கும் துண்டு ஒடேராவுக்கு. அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"அந்தச் சந்துக்கெல்லாம் பைக்ல நர்ஸ அனுப்பத்தானே மேடம்? நல்ல காரியம். ஒரு சந்துகூடத் தப்பாது, பாருங்க."

ஆமாம் என்றேன். அவன் சொன்னபடியே ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஊழியன் என்றால் எங்கே குடியிருக்கிறான் என்று விசாரித்திருப்பேன். ஒடேராவிடம் கேட்கத் தோன்றவே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவன் போன் செய்தபோதுதான், அவனும் அந்தச் சந்துகளில் ஒன்றில் குடியிருக்கிறான் என்று தெரிந்தது.

"மேடம், நம்ம ஆம்புலன்ஸ் நம்பர் பிஸியாவே இருக்கு. பதினெட்டு தடவ அடிச்சிட்டேன். என் பொண்டாட்டி அகேயோவுக்குப் பிரசவ வலி வந்து ரத்தம் நிக்க மாட்டேங்குது. பயமா இருக்கு மேடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆம்புலன்ஸுக்கு அவன் அடித்த அழைப்பு என் திரையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வண்டிகள் சும்மா இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்தினால், இன்னார் விடுவித்தார் என்று பதிவாகும். அப்படியென்றால் பிடித்து வைத்தது யார் என்று கேட்பார்கள். பயந்துவிட்டேன் ஐயா.

"கூட்டமா இருக்கும் ஒடேரா, விடாம அடிச்சுப் பாரு" என்றேன்.

"சரி மேடம், ரொம்ப நன்றி" என்றான்.

மேலும் இருபத்துமூன்று தடவை அழைத்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நின்றுவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். அகேயோவையும் வயிற்றிலிருந்த குழந்தையையும் நான்தான் சாகவிட்டேன். அவர்களுக்கு முன் இப்படிச் செத்தவர்கள் பதினொரு பேர். மூன்றாவது பெயர் செபெட்டின் அத்தை.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒடேரா என் ஊழியனாக இருந்திருந்தால், அந்தப் பொத்தானைக் கட்டாயம் அழுத்தியிருப்பேன்.