மூன்று மாதச் சராசரி

சர்க்கரை இல்லாமல் டீ வேண்டும் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நல்ல பழக்கம். டீ வருவதற்குள் கிரீம் பிஸ்கட் இரண்டு உள்ளே போனதையும் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண் தானாக அங்கே போய்விடுகிறது.

மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் என் ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. நீங்கள் சீல் வைத்துவிட்டதால் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லேப் வெங்கடாசலம் என்றால் கூனிமேட்டிலிருந்து கிளியனூர் வரைக்கும் தெரியும். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். முகத்தில் அப்படி ஒரு பக்தி. இந்த ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை டெஸ்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமையே சோற்றை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் மோரும் முருங்கைக்கீரையும்தான். ரிப்போர்ட்டில் நூற்றுப்பத்து வரும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக எதிர்க் கடைக்குப் போய் பூரியும் கேசரியும் தின்பார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி இதிலும் பாஸ் பண்ணிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறோம் என்பதுகூடத் தெரியாத கூட்டம். இவர்களுக்குக் குத்திக் குத்தியே என் வயது போனது.

தனக்கோடி இதில் கைதேர்ந்தவன். உப்பளத்தில் மேஸ்திரி, நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், வயது ஐம்பத்தாறு. மூன்று வருடம் தொடர்ந்து என் மிஷினில் நூற்றுப்பத்து, நூற்றுப்பன்னிரண்டு என்றே காட்டினான். போன வருடம் சித்திரையில் பாத்தி வரப்பில் நடக்கும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு வலி இல்லை. சர்க்கரை முற்றிய உடம்பில் மாரடைப்பு வலிக்காமலும் வரும். அது தெரியாமல், வெயில் என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே பார்த்தபோது சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு.

அங்கிருந்த பெரிய டாக்டர் பழைய ரிப்போர்ட்களைப் புரட்டிவிட்டு, இது எந்த லேப் என்று கேட்டாராம். கேட்டுவிட்டுச் சிரித்தாராம். இதை என்னிடம் வந்து சொன்னதே தனக்கோடிதான். ஊர் திரும்பிய பத்தாம் நாள், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்.

“உன் மிஷின்தாம்பா பொய் சொல்லியிருக்குது. அத நம்பித்தான் நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருந்துட்டேன்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாற்றியவன் அவன். பொய் சொன்னது என் மிஷினாம். அவமானமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அந்த மாதம் பெஞ்சில் பாதிக் கூட்டம் குறைந்துபோனது.

அதற்குப் பிறகு அவனைத் தொடர்ந்து பார்த்தது அடுத்த தெரு டாக்டரம்மா. சின்ன வயது, நல்ல படிப்பு, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்குகிற வியாதி அவருக்கு உண்டு. தனக்கோடியையும் அவன் மனைவி கொளஞ்சியம்மாளையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். இதய நோயாளிக்குச் சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, ரொம்ப இறங்கினாலும் ஆபத்து. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் லேபில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள், அதை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவேன், குறைப்பேன் என்று. இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரை படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். சர்க்கரை இறங்கினால் வேர்வை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். வேர்த்தால் உடனே வெல்லம் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதியும் கொடுத்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்க்கிறவனை வேர்வையைக் கவனிக்கச் சொல்கிறார். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை மிஷின் நூற்று முப்பத்திநான்கு காட்டியது. அவனைப் பார்த்தேன். ஒட்டிய வயிறு, அதே பழைய பக்தி. நோட்டில் இருநூற்று முப்பத்திநான்கு என்று எழுதினேன். ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். நீங்கள் அதைப் பொய் என்று எழுதிக்கொள்வீர்கள். நான் திருத்தம் என்பேன். மீன்காரி தராசில் கல்லை ஒட்டி வைத்திருப்பது தெரிந்தால் அந்தக் கல்லைக் கழித்துக்கொண்டுதானே எடையைப் பார்ப்போம். அவன் பட்டினி கிடந்து ஒரு நூறைக் குறைத்தான், நான் அந்த நூறைத் திருப்பிச் சேர்த்தேன். இனி எந்த டாக்டரும் என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் நோக்கம்.

டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னொரு மாத்திரை. அப்புறம் ஊசி. மிஷினில் எண் இறங்கிக்கொண்டே வந்தது, நூற்றுப்பத்து, தொண்ணூற்றைந்து, எண்பத்தெட்டு. நோட்டில் என் நூறு கூடவே போனது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் கொடுக்கிறவன் எப்போதுதான் சாப்பிடுவான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். வாரம் முழுக்க நடிக்கிறான் என்று தோன்றியது.

அவன் திருந்திவிட்டான் என்று ஊரே சொன்னது. இதயத்தில் கம்பி வைத்த பிறகு எல்லோரும் ஒரு மாதம் திருந்துவார்கள். கூனிமேட்டில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், அவனும் வந்திருந்தான். பிரியாணித் தட்டை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்த அவித்த முட்டையையும் வெள்ளரிக்காயையும் எல்லோர் முன்னாலும் தின்றான். இனிப்பைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளினான். கலைநிகழ்ச்சி போல இருந்தது. எனக்கு வெறுப்பாக இருந்தது. நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

சென்னையில் வேலை பார்க்கும் அவன் மகள் நிவேதா, வீட்டிலேயே பார்க்கிற சின்ன மிஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதில் எண்பது, எழுபத்தைந்து என்று வருகிறது, நீங்கள் நூற்றுத் தொண்ணூறு என்கிறீர்களே என்று கொளஞ்சியம்மாள் கேட்டுக்கொண்டு வந்தாள். அதெல்லாம் விளையாட்டுச் சாமான்மா, எடுத்துப் பரணில் போடு என்றேன். தனக்கோடி தலையை ஆட்டினான். ஊரைக் கூட்டி என் மிஷினைப் பொய் என்றவன், கடைசியில் என் மிஷினைத்தான் நம்பினான். புத்தி எப்படிப் போகிறது பாருங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டரம்மா அந்தப் பெரிய டெஸ்டை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. பட்டினி கிடப்பவர்களின் குட்டை உடைக்கிற டெஸ்ட் அது. இதில் யாராலும் ஏமாற்ற முடியாது என்று ஆயிரம் பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். ரத்தம் எடுத்துக்கொண்டு, கெமிக்கல் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. காலையில் ரத்தம் கொடுத்தான், நோட்டில் நூற்று அறுபத்தாறு எழுதினேன். வீட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அளத்துக்குப் போயிருக்கிறான். உப்பு வாரும் நாள். பதினொன்றரை மணிக்குக் கொளஞ்சியம்மாள் போன் செய்தாள். அவளும் அங்கேதான் கூலிக்குப் போகிறவள்.

“சார், அவரு வரப்புலயே குந்திட்டாரு. வேர்த்து ஊத்துது. கூப்புட்டா எதையோ ஒளர்றாரு. டாக்டரம்மா நம்பர் எடுக்கல. வெல்லத் தண்ணி கரைச்சி வெச்சிருக்கேன், குடுக்கட்டுங்களா? காலைல எவ்ளோ சார் இருந்துச்சி?”

“நூத்தி அறுபத்தாறும்மா.”

“அப்ப குடுக்க வேணாங்களா?”

“வேணாம்மா. ஏறிக் கெடக்குற சக்கரைல இன்னும் வெல்லத்தக் குடுத்தா ஹார்ட்டு தாங்காது. இந்த வெயில்ல வேர்க்காம என்ன பண்ணும்? நெழல்ல படுக்க வை.”

அவள் சரிங்க சார் என்றாள். ரொம்ப நன்றிங்க என்றும் சொன்னாள். சொன்னபடியே செய்திருக்கிறாள், உப்புக் குவியலை மூடிய ஓலையின் நிழலில் படுக்க வைத்து முந்தானையால் விசிறியிருக்கிறாள். கரைத்த வெல்லம் சொம்பில் பக்கத்திலேயே இருந்தது என்று சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஒரு மணிக்கு என் லேபைத் தாண்டிப் போனது. நான் அப்போது ஒரு குழந்தைக்கு டெங்கு டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். நரம்பு கிடைக்காத கை, இருந்தாலும் ஒரே குத்தில் எடுத்தேன்.

எல்லோரும் இரண்டாவது மாரடைப்பு என்றார்கள். இதய நோயாளி உப்பளத்தில் விழுந்தால் வேறு என்ன சொல்வார்கள். நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நிவேதா பரணை ஒழித்திருக்கிறாள். அந்தச் சின்ன மிஷினில் பழைய எண்களெல்லாம் தேதியோடு இருந்தன. நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். எங்கேயும் ஏறக்குறைய நூறு வித்தியாசம். அந்தக் குடும்பத்தில் படித்தவள் அவள் ஒருத்திதான், இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

என் மிஷினின் மெமரியையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அதை நான் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை, ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் சரியான எண்கள். கடைசி வெள்ளிக்கிழமை என்ன காட்டியது என்று பார்த்திருப்பீர்கள். அறுபத்தாறு. ஊசி போடவே கூடாத எண். படித்துவிட்டுத்தான் முன்னால் ஒன்றைப் போட்டேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கெமிக்கல் என்னிடம் இருந்தது. மூன்று மாதச் சராசரியை ரத்தம் எடுத்த அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். ஆறு புள்ளி இரண்டு வந்தது. ஏழுக்குக் கீழே வந்தாலே மூன்று மாதமும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது என்று அர்த்தம். கழுவி, சரிபார்த்து, மறுபடியும் போட்டேன். ஆறு புள்ளி இரண்டு. அந்தச் சீட்டை வெளியே கொடுத்தால் நோட்டில் நான் எழுதிய அத்தனையும் பொய்யாகிவிடும். அவன் மறுபடியும் என் பெஞ்சு முன்னால் நின்று பேசுவான். டிராயரில் போட்டுப் பூட்டினேன். கொளஞ்சியம்மாள் போன் செய்தபோது அது உள்ளே கிடந்து பத்து நாள் ஆகியிருந்தது. வெல்லத்தைக் கொடுத்திருந்தால் கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்திருப்பான். அது தெரிந்துதான் வேண்டாம் என்றேன். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆறு புள்ளி இரண்டு, அதுவும் இரண்டு தடவை. மூன்று மாதத்தை அந்தப் பயல் எப்படி ஏமாற்றினான் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.