ஏழு டிரம் இடது பக்கம்

இல்ல இல்ல, நீ பாட்டுக்கு இஸ்திரி போடு, நிறுத்தாத. உன்னைக் கெஞ்சிக் கூட்டிட்டுப் போக ஒண்ணும் நான் வரல. சும்மா இந்தப் பக்கமா வந்தேன், உங்கம்மா லாண்டரி தொறந்திருந்துச்சு, எட்டிப் பாத்தேன். அவ்வளவுதான்… சரி, இந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கெடையாது. ஸ்கூல் விட்டதும் பையைக்கூட எறக்காம வேகாத வெயில்ல நடந்து வந்தேன். போதுமா? அதுக்கு ஏன் அப்படிப் பாக்கற? மூணு நாளா பேண்டு பிராக்டிஸுக்கு வராம இருக்கறதும் நீ, முறைக்கறதும் நீ.

இந்தத் தலகாணி உறையெல்லாம் மடிக்கணுமா? குடு, மடிச்சுக்கிட்டே பேசறேன். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது. என்ன சிரிப்பு? வராதுன்னா வராது.

தெரியாமத்தான் கேக்கறேன், சைடு டிரம்முக்கு லீடர்னா என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க நீங்கல்லாம்? தோள்ல ஒரு செவப்புக் கயிறு, முன்வரிசையில எடம், அவ்வளவுதானே? காலைல எல்லாருக்கும் முன்னாடி வரணும். சாயந்தரம் எல்லாரும் போனப்பறம் எட்டு டிரம்மையும் எண்ணி அடுக்கி, ரூமைப் பூட்டி, வாட்ச்மேனைத் தேடிப் பிடிச்சு சாவியக் குடுக்கணும். குட்டச்சிக்கு பெல்ட்டுல கூடுதலா ரெண்டு ஓட்டை போடணும். சோடாபுட்டிக்குக் கண்ணாடி கழண்டு விழாம ரப்பர் பேண்டு மாட்டி விடணும். கொட்டாவி இருக்காளே… மொதப் பாட்டு முடியறதுக்குள்ள குச்சியைக் கீழ போட்டுடுவா. அவளுக்குன்னே என் சாக்ஸுக்குள்ள ஒரு ஜோடி சொருகி வச்சிருக்கேன். நடக்க நடக்க கணுக்கால்ல குத்தும். ஒருத்தியாவது கேட்டிருப்பீங்களா, "அக்கா ஏன் நொண்டறீங்க"ன்னு? கேக்க மாட்டீங்க.

வீட்ல வேற. எங்கண்ணன் என் பேரையே மறந்துட்டான், "லெஃப்ட் ரைட், சாப்பிட வா"ங்கறான். எங்கம்மா, "இந்தப் பிடிவாதம் படிப்புல இருந்தா நீ எங்கயோ போயிருப்ப"ங்கறாங்க. எங்க போறது? ஏழு பேரை நேரா நடக்க வைக்கறதே எனக்குப் பெரும்பாடா இருக்கு.

நான் ரெண்டு வருஷமா உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு விஷயம். என் தோளைப் பாருங்க. முன்னாடி கோலைத் தூக்கிக்கிட்டுப் போறானே, அவனைப் பாக்காதீங்க. பேண்டு மாஸ்டரைப் பாக்காதீங்க. மேடையில எந்தப் பெரிய மனுஷன் நின்னாலும் பாக்காதீங்க. வானமே இடிஞ்சு விழுந்தாலும் கண்ணு என் தோள் மேல. தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேனா இல்லையா? சொல்லு. ம். ஆமான்னு ஒத்துக்கற. அது போதும்.

அப்படியிருக்க, சனிக்கிழமை ஸ்டேடியத்துல நடந்தது என்ன? மொத ரவுண்டு. அத்தனை ஸ்கூலும் வந்திருக்கு. நாம எட்டு பேரு. ஏழு பேரு ஒரு பக்கம் போறோம், நீ ஒருத்தி மட்டும் வேற பக்கம் போற. தனியா. தட்டிக்கிட்டே போற. எனக்குக் கோபம் வருமா வராதா? பஸ்ல மாஸ்டர் வந்து, "சைடு டிரம் ஏன் ரெண்டா பிரிஞ்சுது"ன்னு கேட்டாரு. நீ குறுக்க வந்துட்ட, மோதாம இருக்கத்தான் நான் மத்தவங்களை அந்தப் பக்கம் திருப்பினேன்னு சொன்னேன்… முறைக்காத. கொஞ்சம் குறுக்க வந்த இல்ல? கொஞ்சம்கூடவா வரல?

அவர் அத்தனை பேரு முன்னாடி உன் டிரம் பெல்ட்டைக் கழட்டி வாங்கிக்கிட்டு, இனிமே வராதன்னு சொல்லிடுவாருன்னு நான் என்ன கனாவா கண்டேன்? ரெண்டு திட்டு திட்டுவாரு, மறுநாள் மறந்துடுவாருன்னு பாத்தேன். நீயாவது வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. அமுக்குணின்னு சோடாபுட்டி உனக்குச் சரியாத்தான் பேரு வச்சிருக்கா.

சரி, போனது போகட்டும். கெளம்பு. மாஸ்டர் உன்னை வரச் சொன்னாரு. ஆமா, அவரேதான். நாலரைக்கு மைதானத்துல இருக்கணுமாம். எப்படியோ தேறிட்டோம், வெள்ளிக்கிழமை ஃபைனல், எட்டாவது டிரம் இல்லாம வரிசை பொக்கை வாய் மாதிரி இருக்கு… நெசமாத்தான் சொல்றேன். நம்பலன்னா விடு. யோசிச்சு சொல்லு, அவசரமில்ல. நான் இந்தச் சட்டையெல்லாம் தொங்குதே, இதுக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறேன், இங்க ஆவி மூஞ்சிலயே அடிக்குது. எப்படித்தான் நாள் பூரா நிக்கறீங்களோ.

அப்பா. இங்க நல்லாருக்கு. ஃபேன் இருக்கு. உன் மூஞ்சியும் தெரியல. அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான்… என்ன, சத்தத்தையே காணோம்? ஆங், கேக்குது, கேக்குது. புஸ்ஸு புஸ்ஸுன்னு அதுபாட்டுக்கு ஓடட்டும். அது ஓடினாத்தான் எனக்கும் ஓடும்.

இந்தா, ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத. பேசவா போற.

சனிக்கிழமை மேடை வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி, எனக்குப் பின்னால கொட்டாவி குச்சியைத் தாழ்த்திட்டா. சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும். திரும்பி அவளை ஒரு முறை முறைச்சேன். ஒரு நாலு எட்டு வைக்கற நேரம் இருக்கும். அதுக்குள்ள முன்னாடி போறவன் கோலை எந்தப் பக்கம் சாய்ச்சான்னு நான் பாக்கல. கோட்டை விட்டுட்டேன். போன வருஷம் இடது, அப்ப இந்த வருஷமும் இடதுதான்னு நானா முடிவு பண்ணித் திரும்பிட்டேன்.

மொத்த பேண்டும் வலது பக்கம் போகுது. நாங்க ஏழு பேரு ராஜநடை போட்டுக்கிட்டு இடது பக்கம். நேரா போனா அங்க ஆம்புலன்ஸ் நிக்குது. டிரைவர் கால் மேல கால் போட்டு பன்னு தின்னுக்கிட்டிருந்தவர், எங்களைப் பாத்ததும் பன்னைப் போட்டுட்டு எறங்கி ஓடி வந்து பின்கதவைத் தொறந்துவிட்டாரு. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு, பாவம். அப்பவும் ஒருத்தியும் நிக்கல தெரியுமா? என் தோளையே பாத்துக்கிட்டு வராளுங்க. நான் உள்ள ஏறியிருந்தா பின்னாடியே ஏறி உக்காந்திருப்பாளுங்க. வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பறம் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்பறம் வேற மாதிரி வந்துடுச்சு.

நீ குறுக்க வரல. ஒரு அடிகூட வரல. நீ கோலைப் பாத்த, வலது பக்கம் திரும்பின, அவ்வளவுதான். தனியா போறோமேன்னு பயப்படாம, ஒரு அடிகூடத் தப்பாம தட்டின. அந்தக் கூட்டத்துல எனக்கு அது கேட்டுச்சு. ஆம்புலன்ஸ் முன்னாடி நிக்கறேன், அந்தக் கோடியில ஒரே ஒரு டிரம் சுத்தமாக் கேக்குது. அதைக் கேட்டுட்டும் பஸ்ல அப்படிச் சொன்னேன்னா பாத்துக்கோ.

மாஸ்டர் என்னைத் தட்டிக் குடுத்தாரு. "சமயத்துல மூளை வேலை செஞ்சிருக்கு"ன்னாரு. மத்த ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் தலையாட்டினேன். அவங்களும் ஆட்டினாங்க. ஒருத்திகூட "இல்ல மாஸ்டர்"னு சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க? அப்படித்தானே பழக்கி வச்சிருக்கேன். ரெண்டு வருஷமா அதுக்குத்தானே கத்தினேன். நல்ல லீடர்னா அதுதான்னு நெனச்சேன்டி. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தா, நான் பாக்காம விட்டதை யாரு பாக்கறதுன்னு எனக்குத் தோணவே இல்ல.

பயந்துட்டேன். அவ்வளவுதான் விஷயம். செவப்புக் கயித்தைக் கழட்டச் சொல்லிடுவாருன்னு பயம். அதைப் போட்டுக்கிட்டு மூணு நாளா நடக்கறேன், தோள்ல அரிக்குது. திங்கக்கிழமை சொல்லிடலாம்னு போனேன், சொல்லல. நேத்து ரூம் வாசல் வரைக்கும் போனேன், "என்னம்மா"ன்னாரு, "சாவி மாஸ்டர்"னு குடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னொண்ணு. அதையும் சொல்லிடறேன். மாஸ்டர் உன்னை வரச் சொல்லல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நான் அடிச்சு விட்டேன். நீ வந்து நின்னுட்டா, அப்பறம் நான் மெதுவா பூசி மெழுகி ஏதாவது பண்ணிக்கலாம்னு ஒரு கணக்கு. இப்ப சொல்றப்பவே நல்லா இல்ல, தெரியுது. ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். நீ பேச வேணாம். நானே சொல்றேன். நீ பக்கத்துல நின்னா எனக்கு வாய் வரும்.

மன்னிச்சுக்கோ. சொல்லிட்டேன். என்ன, பதிலே காணோம்? திட்டணும்னா திட்டு. இரு, இந்தச் சட்டையைத் தள்ளிட்டு வரேன், மூஞ்சிக்கு நேரா திட்டு…

ஆன்ட்டி.

நீங்களா இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தீங்க? அவ எங்க? எப்ப போனா?… மாஸ்டர் வரச் சொன்னாருன்னு சொல்லிட்டு நான் இந்தப் பக்கம் வந்தேனே, அப்பவேவா? ஷூவைக் கையில தூக்கிக்கிட்டா? பின்வாசல் வழியா? சிரிச்சுக்கிட்டே போனாளா… அதை ஏன் ஆன்ட்டி சொல்றீங்க.

அப்ப நான் சொன்னது எதையும் அவ கேக்கல. நீங்க கேட்டீங்க. எல்லாத்தையுமா? ஆம்புலன்ஸு… ம். அப்படிப் பாக்காதீங்க ஆன்ட்டி, அவளும் இப்படித்தான் பாக்கறா. நீங்க என்ன திட்டினாலும் சரிதான், வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து நிக்கறேன், ஆற அமர திட்டுங்க. இப்ப மணி என்ன? நாலு மணி அஞ்சு நிமிஷமா?

வாசல்ல நிக்குதே, அந்த டெலிவரி சைக்கிளை எடுத்துக்கவா? பிரேக் பிடிக்காதா? பரவால்ல, எனக்கு நிக்க நேரமில்ல. அவ போனதும் மாஸ்டர் மைதானத்து கேட்டுலயே மறிச்சு, "உன்னை யாரு வரச் சொன்னா"ன்னு கேப்பாரு. அக்காதான் சொன்னாங்கன்னுகூட அவ சொல்ல மாட்டா. பேசாம நிப்பா. அவர் கேக்கறப்ப "நான்தான்"னு சொல்ல அங்க நான் இருக்கணும்ல ஆன்ட்டி?